கைநாட்டை மாற்றக் காரணம்

போன செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றே கால். திண்டுக்கல்லில் ஒரு வங்கி. பாஸ்புக்கில் என்ட்ரி போட வரிசையில் நின்றேன். (நேரத்தைக் குறித்துவைப்பது என் வியாதி. உங்களுக்குத்தான் தெரியுமே!)

எனக்கு முன்னால் பேச்சியம்மாள். சாணார்பட்டிப் பக்கம் மல்லிகைத் தோட்டம். பணம் எடுக்கும் சீட்டில் நிதானமாகக் கையெழுத்துப் போட்டு நீட்டினார். என் கடிகாரப்படி முழுதாக ஒரு நிமிடம்.

கவுன்ட்டர் இளைஞர் கம்ப்யூட்டரைப் பார்த்தார். "இது செல்லாதும்மா. உங்க ரெக்கார்டுல கைநாட்டுதான் இருக்கு."

"அது அப்ப வச்சது தம்பி. இப்பத்தான் முதியோர் கல்விப் பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணிருக்கேன்."

"சந்தோஷம்மா... ஆனா கையெழுத்தா மாத்த ஒரு வாரமாகும். பணம் இன்னிக்கே வேணும்னா கைநாட்டு வைங்க."

பேச்சியம்மாள் அசையவில்லை. தோட்டத்து மோட்டார் மெக்கானிக் கடையில் பிரித்துப் போட்டபடி கிடக்கிறதாம். ஒரு வாரம் தண்ணீர் இல்லையென்றால் செடி தாங்காது. ஆனால், மறுபடி கைநாட்டா?

பின்னாலிருந்து ஒருவர், "வச்சுட்டு நகருங்கம்மா, எம்புட்டு நேரம்!" என்றார்.

"செத்த இருங்கய்யா. ஒங்க சீட்டுல தேதியே போடல. மொதல்ல அதப் போடுங்க."

பார்த்தேன். உண்மைதான். அவர் பேனா தேடினார் — என்னிடம்!

படிப்பு என்றால் என்ன? என் எதிர்வீட்டுக்காரருக்கு அது வேலை. கல்யாணத் தரகருக்கு அது பெயருக்குப் பின்னால் வரும் எழுத்துகள். வங்கிக்கு? ரெக்கார்டில் ஏறாதவரை அப்படி ஒன்று இல்லவே இல்லை.

கடைசியில் பேச்சியம்மாள் பெருவிரலை மையில் அழுத்தினார். "மோட்டாருக்காக வைக்கிறேன். இதான் கடைசி." பணத்தை முந்தானையில் முடிந்தார். நகரவில்லை. "அந்த மாத்துற பாரத்தக் குடுங்க."

படிவத்தில் 'மாற்றத்துக்கான காரணம்' என்று ஒரு கட்டம்.

"இதுல என்ன சார் எழுத?" என்று என்னிடம் திரும்பினார்.

எழுதுவது என்றால் எனக்குக் கேட்கவா வேண்டும்? 'வயதுவந்தோர் கல்வித் திட்டத்தின் கீழ் எழுத்தறிவு பெற்றமையால்...' என்று ஆரம்பித்தேன்.

"அம்புட்டுக்கு இதுல எடமில்ல சார்" என்றவர், தானே ஒவ்வொரு எழுத்தாக எழுதினார்: 'படிச்சிட்டேன்.'

படிவத்தின் ஓரத்தில் பெருவிரல் மை அப்பியிருந்தது. இளைஞர் அதைப் பொருட்படுத்தாமல் சீல் குத்தினார்.

வயது அறுபதைத் தாண்டிவிட்டது, இன்னும் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். அந்த ஒரு சொல்லை எழுதி முற்றுப்புள்ளி வைக்க எனக்குத் தைரியம் வந்ததில்லை!