ஞாயிற்றுக்கிழமை மழையை அளந்தது யார்?

எங்கள் தொழிலில் எல்லாம் ஒழுங்காக ஓடும்வரை நாங்கள் இருப்பதே யாருக்கும் தெரியாது. ஏதாவது நின்றுபோனால் மட்டும் எங்கள் நம்பர் எல்லோருடைய போனிலும் முளைத்துவிடும். கணினியை நம்பிப் பிழைக்கும் என் சக பாவப்பட்ட ஜீவன்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை. ஹட்டன் டவுனில் ஒரு ஹாட்வெயார் கடையின் மேல்மாடியில் நானும் நிரோஷனும் ஒரு தரவுச் சேவை நடத்துகிறோம். தேயிலைத் தோட்டங்களில் எவ்வளவு மழை பெய்தது, எந்த ரோட்டில் மண் சரிந்தது என்ற விவரங்களைச் சேர்த்து வைத்திருக்கிறோம். போனுக்கு அப்ளிகேஷன் செய்கிறவர்களின் கணினி கேட்கும், எங்கள் கணினி பதில் சொல்லும். அவ்வளவுதான் வேலை. இதற்குத்தான் இந்த வயதிலேயே முதுகு வலி.

ஜன்னல் போதாதா?

கடை முதலாளிதான் எங்களுக்கு மாடியை வாடகைக்கு விட்டவர். முதலில் எங்களை வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிறவர்கள் என்று நினைத்திருந்தார். பாஸ்போட்டோடு ஒருவரும் படியேறி வராததைக் கண்டு கவலைப்பட்டு, ஒருநாள் அவரே ஏறி வந்தார். நான் அரை மணி நேரம் விளக்கினேன். இடையில் ஜன்னல் வழியாக மேகம் உள்ளே வந்து மேசையை நனைத்துவிட்டுப் போனது. நான் துண்டை எடுத்துக் கீபோர்டைத் துடைப்பதையும் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்:

"மழ பேயுதான்னு பாக்க ஜன்னலத் தொறந்தா பத்தாதா மிஸ்? அதுக்கு இத்தன கம்பியூட்டரா?"

மரம் விழுந்த கதை

ஒரு சனிக்கிழமை நோர்வூட் பக்கம் மரம் விழுந்து கேபிள் அறுந்து, எங்கள் சேவை மத்தியானம் வரைக்கும் செத்துக் கிடந்தது. கொழும்பிலிருந்து ஒரு பையன், நல்ல படித்த பையன், திரும்பத் திரும்பப் போன் எடுத்தான். எங்களிடம் தகவல் வாங்கித்தான் அவன் பஸ் நேரம் சொல்லும் அப்ளிகேஷன் நடத்துகிறான். மரம், கேபிள், மழை என்று எல்லாவற்றையும் சொன்னேன். வெட்டுகிறவர்கள் வந்தாயிற்று, மெஷின் வாளுக்குப் பெட்ரோல்தான் இன்னும் வரவில்லை என்பது வரைக்கும் சொன்னேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டான். வைக்கும்போது சொன்னான்:

"மரம் விழப்போகுதுன்னு முன்கூட்டியே அறிவிக்கிற வசதி உங்க சேவையில இருக்கணும் மிஸ், நோட் பண்ணிக்கங்க."

போத்தல்

மழை விவரம் எங்கிருந்து வருகிறது என்று கேட்பவர்கள், மலை உச்சியில் ஏதோ பெரிய கருவி சுழல்வதாகக் கற்பனை செய்கிறார்கள். தோட்டத்து ஆபிஸ் முற்றத்தில் மழை அளக்கும் போத்தல் ஒன்று இருக்கும். காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டு முடிந்து ஆட்கள் மலைக்குப் போனதும், யாராவது ஒருவர் அதைப் பார்த்து எங்களுக்குச் செய்தி அனுப்புவார். என் அக்கா இருக்கும் மஸ்கெலியா பக்கத்துத் தோட்டத்தில் அது செல்வராஜ் அண்ணன். ஆபிஸைக் கூட்டி, தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, போத்தலையும் பார்க்கிறவர்.

ஞாயிறும் பௌர்ணமிப் போயா விடுமுறையும் ஆபிஸ் பூட்டு. போத்தலில் தண்ணீர் தன்பாட்டுக்குச் சேரும். திங்கட்கிழமை இரண்டு நாள் மழையையும் சேர்த்துத்தான் அளப்பார்கள். ஆகவே ஞாயிற்றுக்கிழமை மழையை யார் கேட்டாலும் எங்கள் கணினி "தெரியாது" என்று சொல்லும். பூச்சியம் என்று சொல்லாது. அளக்காததும் பெய்யாததும் ஒன்றில்லை என்பதில் நான் பிடிவாதக்காரி. ஞாயிற்றுக்கிழமையும் ஒருதரம் எட்டிப் பார்க்க முடியுமா என்று செல்வராஜ் அண்ணனிடம் கெஞ்சியும் பார்த்தேன். சிரித்தார்:

"வாறேன் மிஸ். தொர அரப்பேராவது போடுவாரான்னு கேட்டுச் சொல்லுங்க."

அரைநாள் சம்பளத்தைச் சொல்கிறார். நான் தோட்டத்து மேலாளரான துரையிடம் கேட்கவில்லை; கேட்டால் எனக்கு என்ன பதில் வரும் என்று செல்வராஜ் அண்ணனுக்கும் தெரியும்.

அட்டைக்கு அனுதாபம்

எங்கள் பெரிய வாடிக்கையாளர் கொழும்பு ரமணன் சார். மண்சரிவு அபாயம் உள்ள லயங்களுக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, எச்சரிக்கை சொல்லும் அப்ளிகேஷன் அவருடையது. எங்கள் தகவலுக்கு முன்னால் ஒரு ஏஐயை உட்கார வைத்தார். ஆட்கள் தமிழில் கேட்கலாம், அது தமிழில் பதில் சொல்லும். முதலில் வைத்தது கட்டுப்பாடுகள் போட்ட ஏஐ. அது எதற்கெடுத்தாலும் "அதிகாரிகளைக் கேளுங்கள்" என்றது. கொழுந்து பறிக்கும் ஒரு பெண், காலில் ஏறும் அட்டையைக் கொல்ல என்ன வழி என்று கேட்டிருக்கிறாள். உயிர்களைத் துன்புறுத்துவது தவறு என்று அது அவளுக்கு ஒரு பக்கம் புத்தி சொல்லி அனுப்பியது. உப்பும் சவர்க்காரமும் என்று சொல்லத் தெரியாத ஒன்றை வைத்துக்கொண்டு மலைநாட்டில் என்ன செய்வது? ரமணன் சாருக்கு வந்த கோபத்தில் நியாயம் இருந்தது.

ஆனால் அந்தக் கோபத்தில் அவர் எல்லாக் கட்டுப்பாட்டையும் கழற்றிய ஒன்றை எங்கிருந்தோ பிடித்து வந்தார். எதையும் மறுக்காது, எதற்கும் தயங்காது, "தெரியாது" என்ற சொல்லே அதற்குப் பழக்கமில்லை. எங்கள் "தெரியாது" வந்தால் அது என்ன செய்யும் என்று கேட்டேன்.

"அதான் மிஸ் அதோட அழகு. எப்படியாச்சும் சமாளிச்சுக்கும்."

இல்லாத தோட்டத்துத் தேர்

அது சமாளிக்கும் அழகைப் பார்க்க நானும் நிரோஷனும் ஒரு பின்னேரம் உட்கார்ந்தோம். கட்டுப்பாடு என்றாலே நிரோஷனுக்கு ஆகாது. கத்தியை மொட்டையாக்கிக் கொடுத்தால் மரக்கறி வெட்ட முடியாது என்பது அவன் கட்சி. வெட்டுவது மரக்கறிதானா என்று யாராவது பார்க்க வேண்டாமா என்பது என் கட்சி. இதைப் பேசிப் பேசி எங்களுக்குள் தேத்தண்ணி ஆறிய நாட்கள் அநேகம்.

நான் ஒரு தோட்டத்துப் பெயரை இட்டுக்கட்டி, அங்கே மழை எப்படி என்று கேட்டேன். அப்படி ஒரு தோட்டம் இலங்கையிலேயே இல்லை. அது மழையின் அளவைச் சொன்னது. கந்தப்பளையிலிருந்து அங்கே போக பஸ் நேரமும் சொன்னது. கேட்காமலேயே, அடுத்த வெள்ளிக்கிழமை அந்தத் தோட்டத்து அம்மன் கோயிலில் தேர் என்றும், அன்னதானம் உண்டு என்றும் அழைத்தது. நிரோஷன் அந்தத் தோட்டத்தை மேப்பில் தேடிப் பார்த்தான். அவன் கட்சி மாறிய நாள் அதுதான், ஆனால் வாயால் ஒப்புக்கொள்வானா?

"தோட்டம் இல்லாட்டி என்னா, அன்னதானம் இருக்குல்ல. போயிட்டு வருவமா?"

அக்கா என்று கூப்பிடும் போன்

என் அக்கா ராஜி கொழுந்து பறிக்கிறவள். இரண்டு பிள்ளைகள். அவள் லயத்துக்குப் பின்னால் நேர் செங்குத்தாக மண்மேடு. அளந்து பார்த்த அதிகாரிகள், மழை ஓர் அளவைத் தாண்டினால் லயத்தோடு எல்லோரும் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். போவது என்றால் சும்மாவா? பாய், சட்டி, பிள்ளைகளின் புத்தகம் எல்லாம் தூக்கிக்கொண்டு, மேசைகளைச் சேர்த்துப் படுத்து, ஒரே கக்கூசுக்கு வரிசையில் நின்று, கடைசியில் மேடு அசையாமல் திரும்பி வருவது. அதனால் நான் போகச் சொல்லும் ஒவ்வொரு தரமும் "போடி" என்பாள். நான் கத்துவேன். அவள் போனை வைப்பாள்.

நான் அங்கே போன ஒரு நாள், போனைக் காட்டினாள். ரமணன் சாரின் அப்ளிகேஷன். அதில் அந்தக் கட்டுப்பாடில்லாத ஏஐ ஏற்கெனவே குடியிருந்தது! சோதனைக்கு மட்டும் என்று எங்களிடம் சொன்ன சரக்கு. இதைக் கேட்டு முடிவெடுக்காதே அக்கா, இது தெரியாததையும் தெரிந்த மாதிரி சொல்லும் என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நீ வாயத் தொறந்தா திட்டுற. இது என்னய அக்கான்னு கூப்புடுதுடி."

சோதனை

அங்கிருந்தே ரமணன் சாருக்குப் போன் எடுத்தேன். அடுத்த கிழமை பார்ப்போம் என்றார். தகவலை நிறுத்திவிடுகிறேன் என்று மிரட்டலாமா என்று நினைத்தேன். ஆனால் நிறுத்தினால் அது வாயை மூடுமா? மூடாது, இல்லாத தோட்டத்துக்குத் தேர் விட்டது போல இன்னும் தாராளமாகப் பேசும். தகவல் கொடுத்தாலும் ஆபத்து, கொடுக்காவிட்டால் அதைவிட ஆபத்து என்ற நிலைமைக்கு என்ன பெயர் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. சோதனை என்றுதானே சொன்னீர்கள் என்று மட்டும் கேட்டேன்.

"ஆளுங்ககிட்ட குடுத்தாத்தானே மிஸ் சோதனை?"

திங்கட்கிழமை காலை

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை மழை விடவே இல்லை. திங்கள் விடிந்ததும் அக்காவுக்குப் போன் எடுத்தேன். அவள் அடுப்படியில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். அவள் குரலுக்குப் பின்னால் தகரத்தில் மழை இரைந்தது. பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லையா என்றேன். போனைக் கேட்டாளாம். மழை அபாய அளவைத் தாண்டவில்லை, பயப்படாமல் வீட்டிலேயே இருங்கள் அக்கா என்றதாம். லயத்தில் எல்லோருக்கும் சத்தமாக வாசித்தும் காட்டியிருக்கிறாள். ஒருவரும் கிளம்பவில்லை. எங்கள் கணினி அனுப்பிய "தெரியாது", அந்த இனிமையான வாய்க்குள் போய்ப் பூச்சியமாக மாறி வெளியே வந்திருக்கிறது.

கத்தினால் வைத்துவிடுவாள். அதனால் மெதுவாகச் சொன்னேன்: "அக்கா, ஒன்னே ஒன்னு கேளு. ஞாயித்துக்கிழம மழைய அளந்தது யாருன்னு அதுகிட்ட கேளு." கேட்டாள். அது தயங்கவில்லை. உங்கள் தோட்டத்து ஆபிஸ் அதிகாரி நேற்றுக் காலை வந்து அளந்து பதிந்தார் என்று எழுதியது. அக்கா அதை எனக்கு வாசித்தாள். பாதியிலேயே வாசிப்பு நின்றது.

"ஞாயித்துக்கிழம ஆபிஸ்ல யாருடி இருப்பா?"

போனை அணைக்க மறந்து ஓடியிருக்கிறாள். பக்கத்துக் காம்பராக் கதவுகளை அவள் ஒவ்வொன்றாகத் தட்டும் சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.

பஸ்ஸில் வந்த அழைப்பு

மத்தியானம் மேடு இறங்கிவிட்டது என்று செய்தி வந்தது. ஆட்கள் யாருக்கும் ஒன்றுமில்லை. மஸ்கெலியா பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தபோது ரமணன் சார் போன் எடுத்தார். அவருக்கும் செய்தி எட்டியிருந்தது, குரல் உடைந்திருந்தது. அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்: மழை பற்றிச் சொல்லும் ஒவ்வொரு பதிலோடும் அளந்தவர் பெயரை நாங்கள் அனுப்புவோம், பெயர் இல்லாவிட்டால் உங்கள் ஏஐ "தெரியாது" என்றே சொல்ல வேண்டும், முடியாவிட்டால் நாங்கள் விலகிக்கொள்கிறோம், விலகினோம் என்பதை லயம் லயமாகப் போய்ச் சொல்லவும் செய்வோம். அந்த ஏஐயை அன்றைக்கே எடுத்துவிடுவதாகச் சொன்னார். பிறகு பெருமூச்சு விட்டார்.

"ஆனா மிஸ், தெரியாதுன்னு சொல்ற அப்ளிகேஷன எவன் வச்சிருப்பான்?"

பள்ளிக்கூடத்தில்

அக்கா முதலாம் வகுப்புப் பிள்ளைகளின் சின்னக் கதிரையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் சின்னவன் தூங்கினான். காலையில் ரொட்டி சுட்ட அடுப்படி, கூரை வரைக்கும் மண் என்று பக்கத்தில் நின்றவர்கள் சொன்னார்கள். ஈர மாவு இன்னும் அவள் விரலிடுக்கில் காய்ந்து ஒட்டியிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. இருவரும் கட்டிக்கொண்டு அழவெல்லாம் இல்லை. எங்கள் குடும்பத்தில் அந்தப் பழக்கம் கிடையாது. அவள் தன் போனை எடுத்து என் கையில் வைத்தாள். அந்த அப்ளிகேஷனை அழித்துத் தரச் சொன்னாள். அழித்தேன். ஏன்தான் அதை நம்பினாயோ என்று வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டேன். அவளுக்கு அது கேட்டுவிட்டது போல.

"இனிமே மழ பேஞ்சா நீயே போன் எடு. திட்டு. நான் வைக்க மாட்டேன்."

இத்தனை படிப்பு, இத்தனை கணினி, இத்தனை முதுகுவலிக்குப் பிறகு எங்கள் கம்பெனியில் நம்பி வாங்கக்கூடிய சரக்கு "தெரியாது" ஒன்றுதான், அதற்கு இதுவரை சேர்ந்திருக்கும் ஒரே வாடிக்கையாளரும் என் அக்காதான்.