ஆரோக்கியம் அண்ணன் கல்லறையில் படுத்திருந்தவர்

மார்ச் மாத உப்பளத்தில் நின்றிருக்கிறீர்களா? வெயில் மேலேயிருந்து மட்டும் வராது... பாத்தித் தண்ணீரிலிருந்தும் எழும்பி முகத்தில் அறையும். கண்ணைச் சுருக்கிக்கொண்டுதான் எதையும் பார்க்க முடியும். அதனால்தான் அன்றைக்கு வரப்பில் நடந்து வந்த ஆளை முதலில் நான் நம்பவில்லை.

சுனாமிக்கு அடுத்த மார்ச் அது. எனக்கு முதல் வேலை... மரக்காணம் உப்பளத்தில் சூப்பர்வைசர். பிரம்மதேசத்திலிருந்து மொபெட்டில் வந்து போவேன். அலை கொண்டுவந்து கொட்டிய சேற்றையெல்லாம் வாரி எடுத்து, பாத்தியை மறுபடி மிதித்து, அப்போதுதான் உப்பு பூக்க ஆரம்பித்திருந்தது.

அங்கே உப்பு வாரியவர்களில் ஒருவர் லூர்து அக்கா. அவர் வீட்டுக்காரர் ஆரோக்கியம் அண்ணன், உப்பு லாரிகளில் லோடு மேன். கிறிஸ்துமஸ் அன்று சாயங்காலம் குடித்துவிட்டு வந்து வீட்டில் பெரிய சண்டை. "இனிமே இந்த வூட்டு வாசப்படிய மிதிச்சா என்னான்னு கேளு" என்று கத்திவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் கடல் ஊருக்குள் வந்தது.

சில நாள் கழித்து ஓர் உடல் ஒதுங்கியது. முகம் பார்க்கிற மாதிரி இல்லை. தம்பி அந்தோணிதான் உயரத்தையும் நீலக் கட்டம் போட்ட சட்டையையும் பார்த்து, "எங்க அண்ணன்தான்" என்று அழுதார். மாதா கோயில் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்து, பெயர் எழுதிய சிலுவையும் நட்டாயிற்று. நானும் போயிருந்தேன்.

அந்த மனிதர்தான் இப்போது வரப்பில் வருகிறார்... மொட்டைத் தலை, ஒரு காலை இழுத்து இழுத்து.

கையிலிருந்த டீ கிளாஸ் விழுந்ததுகூடத் தெரியவில்லை. பெண்கள் அலறிக்கொண்டு, பாத்திக்குள்ளேயே விழுந்து எழுந்து ஓடினார்கள். "கால் தரையில படுதா பாருங்கடி!" என்று ஒருத்தி கத்தினாள்.

லூர்து அக்கா மட்டும் ஓடவில்லை. கை தானாக, தாலி இல்லாத வெறும் கழுத்துக்குப் போனது.

"நாந்தாண்டி லூர்து... பசிக்குது."

அக்கா தூக்குச்சட்டியைத் திறந்தார். பழைய சோறும் கருவாடும். அண்ணன் சாப்பிடச் சாப்பிட, சோறு தொண்டையில் இறங்குகிறதா என்று நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டே நின்றோம். சாப்பிட்டு முடித்ததும் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டார் அக்கா. "உசுரோட இருந்தா சொல்லி அனுப்ப மாட்டியாய்யா?" என்று கேட்டுவிட்டு, அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு கதறினார்.

நடந்தது இதுதான். சண்டை போட்ட கையோடு, ஆந்திராவுக்குப் போன ஒரு வெளியூர் உப்பு லாரியில் ஏறியிருக்கிறார். வழியில் லாரி கவிழ்ந்து டிரைவர் அங்கேயே போய்விட்டார். இவருக்குத் தலையிலும் காலிலும் அடி. தன் பெயரே தெரியாமல் ஏதோ ஓர் ஆஸ்பத்திரியில் கிடந்து, நினைவு திரும்பியதும் பஸ் ஏறி வந்துவிட்டார். சுனாமி வந்ததே அவருக்கு மரக்காணத்தில் இறங்கிய பிறகுதான் தெரியும்.

"ஆரோக்கியம் உயிர்த்தெழுந்துட்டான்" என்று சேதி பரவியது. எக்கியார்குப்பத்திலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து தொட்டுப் பார்த்தார்கள்.

அந்த வாரமே ஈஸ்டர். இந்து வீட்டுப் பையனான நான் அன்றுதான் முதல்முறையாகக் காலைப் பூசைக்குப் போனேன். கோயில் நிரம்பி வழிந்தது. ஃபாதர் பிரசங்கத்தில் சொன்னார்: "ஆரோக்கியம் வந்தது நமக்கெல்லாம் சந்தோஷம். ஆனா இது உயிர்ப்பு இல்ல. இவரு ஒரு நாள் மறுபடியும் சாவாரு. ஏசு சாவையே தாண்டி எழுந்தாரு. அவருக்கு இனிமே சாவே கிடையாது. நமக்கும் அதைத்தான் குடுக்கறேன்னு சொல்றாரு."

பிழைத்து வந்த மனிதரை எதிரில் உட்கார வைத்துக்கொண்டு இப்படியா பேசுவார்கள்! எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆரோக்கியம் அண்ணன் மட்டும் ஆமாம் என்பதுபோலத் தலையை ஆட்டினார்.

பூசை முடிந்ததும் அந்தோணி கடப்பாரையோடு கல்லறைக்குப் போனார், சிலுவையைப் பிடுங்கிப் போட. நாங்களும் கூடவே சிரித்துப் பேசிக்கொண்டு போனோம். ஆரோக்கியம் அண்ணன் தன் பெயரையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"டேய் அந்தோணி... உள்ள யாருடா?"

இத்தனை நாளில் எங்களில் ஒருத்தருக்குக்கூட அந்தக் கேள்வி வரவில்லை. வந்தவரைக் கொண்டாடினோமே தவிர, உள்ளே இருப்பவரை நினைக்கவே இல்லை.

"இவன் பொண்டாட்டி இன்னும் வழியப் பார்த்துக்கினு இருப்பாளே" என்று சொல்லி ஆரோக்கியம் அண்ணன் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: "நமக்காக ஒருத்தரு செத்தாரு, அதுதான் மீட்புன்னு சின்னப் புள்ளையிலேருந்து வாயால சொல்லிக்கினு இருந்தேம்பா. இப்ப எம் பேர்ல ஒருத்தன் படுத்திருக்கான், நான் நிக்கறேன். நெஞ்சு நடுங்குது."

அந்தோணி கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டார்.

"சிலுவை இருக்கட்டும், பேரை மட்டும் அழி" என்றார் அண்ணன். " கடைசி நாள்ல எழுந்திருக்கும்போது இவன் அடுத்தவன் பேர்ல எழுந்திருக்கக் கூடாது. இவன் பேரு ஆண்டவருக்குத் தெரியும்."

அதற்குப் பிறகு அண்ணனின் குடி நின்றதா என்றால், இல்லை... அப்பப்போ உண்டு. ஆனால் அந்த வருஷமும் அடுத்த வருஷமும் லீவு நாளில் என் மொபெட்டில் ஏறிக்கொள்வார். குப்பம் குப்பமாகப் போய், "நீலக் கட்டம் போட்ட சட்டை, நல்ல உயரம், உங்க ஊர்ல யாராச்சும் காணாமப் போனாங்களா?" என்று கேட்போம். கடைசிவரை தெரியவில்லை. கல்லறைத் திருநாளுக்கு மட்டும் தவறாமல் அங்கே ஒரு மெழுகுவத்தி ஏற்றுவார்.

இப்போது ஈ.சி.ஆரில் ஒரு பைக் சறுக்கினால் அடுத்த நிமிஷம் வாட்ஸ்அப்பில் போட்டோ வந்துவிடுகிறது. அப்போது ஒரு மனிதர் இருக்கிறாரா இல்லையா என்பதே தெரியாமல் மாதக்கணக்கில் அழுதிருக்கிறோம். ஆனால் பெயர் தெரியாத ஒருவருக்காக ஊர் ஊராக அலையவும் செய்திருக்கிறோம்... இப்போது போட்டோவைத் தள்ளிவிட்டு அடுத்ததைப் பார்க்கிறேன்.

போன வருஷம் ஆரோக்கியம் அண்ணன் நிஜமாகவே போய்விட்டார். அவர் கேட்டபடியே அந்தப் பெயரில்லாத கல்லறைக்குப் பக்கத்தில் இடம். பெட்டியை மூடுவதற்கு முன்னால் நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

லூர்து அக்கா கேட்டார். "இன்னா தம்பி, மறுபடி வந்துருவாருன்னு பாக்கறியா?"

கேட்டுக்கொண்டே அக்கா அவர் சட்டைக் காலரைச் சரிசெய்தார்.

"வருவாரு. ஆனா இந்த வாட்டி வந்தா, திரும்பச் சாவ மாட்டாரு."