பட்டாளத்து லாரியில் அம்மன்

கல்யாணமாகி ராயபுரத்துக்கு வந்தபோது எனக்குக் கிடைத்த படுக்கையறை ஒரு பழைய சேலை. இருந்த ஒரே அறையின் குறுக்கே கொடி கட்டி, அதை என் மாமியார் தொங்கவிட்டிருந்தார். இந்தப் பக்கம் நாங்கள் இருவர். அந்தப் பக்கம் மாமியார், மாமனார், நாத்தனார்கள், அவர்களுடைய பாம்புக் காதுகள். புருஷனோடு எது பேசினாலும் கிசுகிசுக்க வேண்டும். சண்டையைக்கூட ரகசியமாகத்தான் போட்டோம். அப்படிப் போடுகிற சண்டையில் என்ன சுகம்?

என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் ஃபிட்டர். யுத்தம் முடிந்து பட்டாளத்துச் சாமான்களை ஏலம் விட்டபோது அவருக்கு ஒரு யோசனை உதித்தது. என் வளையல்கள் ஏலத்துக்குப் போய் லாரியாகத் திரும்பி வந்தன. எஞ்சின் செத்துப்போன லாரி. ஆனால் அதன் முதுகில் மரப்பலகையால் ஓர் அறை இருந்தது. இரண்டு சன்னல், மடக்குக் கட்டில், கதவுக்கு உள்பக்கம் பித்தளைத் தாழ்ப்பாள். அந்தத் தாழ்ப்பாளைப் பார்த்ததும் வளையல் போன வருத்தம் போய்விட்டது.

"கூரை ஒழுவுது, பலகை உளுத்துப் போய்கீது. எல்லாம் ரிப்பேர் பண்ணிக்கலாம். இனிமே இதான் நம்ம வூடு" என்றார்.

எங்கள் சந்தில் மாட்டு வண்டியே நுழையாது. அதனால் திருவொற்றியூர் குப்பத்தில், மீன்பிடிக்கும் என் தாய்மாமன் குடிசையருகே நிறுத்திச் சீர்செய்வது என்று முடிவானது. சாலை இருந்த வரைக்கும் மாடுகள் இழுத்தன. மணலைக் கண்டதும் படுத்துவிட்டன. பிறகு குப்பத்து ஆட்கள் கயிறு கட்டி, வலை இழுக்கிற பாட்டோடு இழுத்தார்கள். பாட்டு வேகத்தில் கடலுக்குள் தள்ளிவிடுவார்களோ என்று நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பின்னாலேயே ஓடினேன்.

மழைக்காலம் கழிந்துதான் வேலை தொடங்க முடியும். அதுவரை யாராவது பலகையைப் பெயர்த்து அடுப்பில் வைத்துவிட்டால்? என் வீட்டுக்காரருக்கு மூளை கொஞ்சம் அதிகம். கதவில் ஒரு வேப்பிலைக் கொத்தைச் செருகினார். வேப்பிலை தொங்கினால் உள்ளே அம்மை போட்டிருக்கிறது என்று அர்த்தம். ஒரு ஈ காக்கை கிட்டே வராது.

"இப்போ எவன் கை வெக்கிறான் பாக்கலாம்" என்றார்.

ஒருவரும் கை வைக்கவில்லை. கும்பிட்டார்கள். மழை விட்டு, சுத்தியலும் ஆணியுமாக நாங்கள் போனபோது லாரிக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, வாசலில் மோர்ப்பானை வைத்திருந்தார்கள். ஆளே இல்லாத வீட்டில் அம்மை போட்டிருந்தால், வந்து உட்கார்ந்திருப்பது அம்மனேதான் என்று குப்பம் கண்டுபிடித்திருந்தது. இடத்துக்காரர் என்பதால் என் மாமாதான் பூசாரி.

"மாமா, அந்த வேப்பிலைய சொருவினதே நான்தான்" என்றார் இவர்.

"உன் கையால சொருவ வெச்சது யாரு நைனா?" என்றார் மாமா. "அம்மா கீற எடத்துல தாளிக்கவே கூடாது. நீ இன்னாடான்னா சுத்தி எடுத்துகினு அடிக்க வந்துகீற!"

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். அந்தப் பூசாரி சொந்தத் தாய்மாமனாக இருந்தால் யாரிடம் போய் முறையிடுவது? கூட வந்திருந்த என் மாமியார் முதல் ஆளாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

லாரியைச் சீர்செய்ததென்னவோ உண்மை. அம்மனிடம் உத்தரவு கேட்டு, என் வீட்டுக்காரரே கூரை மாற்றினார், பலகை மாற்றினார், பித்தளைத் தாழ்ப்பாளுக்கு எண்ணெய் போட்டார். எல்லாம் அம்மனுக்கு. நான் ராயபுரத்துச் சேலைக்குப் பின்னால் படுத்து, தனி அறையோடு வாழ்கிற அம்மனை நினைத்து வயிறெரிந்தேன்.

ஆடி மாதம் கூழ் ஊற்ற எல்லோரும் போனோம். உள்ளே விளக்குத் துடைக்க வேண்டும் என்று மாமா எங்கள் இருவரையும் அனுப்பினார். நான் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டேன்.

"இன்னாடி பண்றீங்க உள்ள?" என்று வெளியே மாமியார் கேட்டார்.

"விளக்கு துடைக்கிறோம் அத்தே!"

தன் மகனுக்கு எவ்வளவு பக்தி என்று மாமியார் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். இவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இப்போ வாய்விட்டுப் பேசு" என்றார்.

அதையே அவர் கிசுகிசுப்பாகத்தான் சொன்னார். நானும் கிசுகிசுப்பாகவே, "இன்னா பேசறது?" என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அதையும் சத்தமில்லாமல்தான் அழுதேன்.