பட்டியலில் இல்லாத பனங்கட்டி

நான் காய்ச்சிய பியரில் 4.2 சதவீதம் மதுசாரம் இருப்பதாகச் செயலி சொன்னது. மிதவை 6.3 என்றது. இரண்டில் ஒன்று பிழை.

மிதவை என்பது அடியில் குண்டு வைத்த ஒரு கண்ணாடிக் குழாய். காய்ச்சிய அன்று ஒருமுறையும், புளித்து முடிந்ததும் ஒருமுறையும் பியரில் மிதக்க விட வேண்டும். இரண்டு அளவுகளுக்கும் உள்ள வித்தியாசத்திலிருந்து மதுசாரம் எவ்வளவு என்று தெரிந்துவிடும். செயலியோ இன்னின்ன பொருள், இத்தனை கிலோ என்று நாம் கொடுப்பதை வைத்துக்கொண்டு, அடுப்பு பற்ற வைக்கும் முன்பே முடிவைச் சொல்லும். கிழக்கு லண்டன் பிளேஸ்டோவில் எங்கள் வீட்டுச் சமையலறையில் ஆறு வருடங்களாகப் பியர் காய்ச்சுகிறேன். அந்த ஆறு வருடமும் செயலியை நம்பியிருந்தேன்.

இருபது வருடங்கள் ஒரு நாளிதழில் மற்றவர்கள் எழுதியதைச் சரிபார்த்தவன் நான். எண் இடித்தால் முதலில் என் கையில் பிழை இருக்கிறதா என்று பார்ப்பது அங்கே பழகியது. மிதவையைக் கழுவி வெறும் தண்ணீரில் விட்டுப் பார்த்தேன். சரியாக நின்றது. தராசையும் சோதித்தேன். அதன் பிறகுதான் செயலியின் தாளை அச்சடித்து வரி வரியாகப் பார்த்தேன். நான்காவது வரியில் பொருளின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெற்றுப் பெட்டிகள் வரிசையாக நின்றன. பக்கத்தில் ஒரு கிலோ என்றிருந்தது. அதற்கும் பக்கத்தில், அந்தப் பொருளில் உள்ள சர்க்கரை: பூச்சியம்.

அது பனங்கட்டி, பதநீரைக் காய்ச்சி எடுக்கும் கருப்பட்டி. செயலியின் பட்டியலில் பனங்கட்டி கிடையாது. பெல்ஜியத்துச் சர்க்கரையில் ஏழு வகை இருக்கிறது. அதனால் சொந்தப் பொருளாக நானே தமிழில் பெயர் எழுதிச் சேர்த்திருந்தேன். இரண்டு வருடம் ஒழுங்காகக் கணக்கிட்டது. வசந்த காலத்தில் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்ட பிறகு, ஒரு கிலோ பனங்கட்டியை ஒரு கிலோ கருங்கல்லாக எண்ணத் தொடங்கியிருக்கிறது. ஆங்கில எழுத்தில் பெயரை மாற்றிச் சர்க்கரை அளவை மறுபடி கொடுத்தேன். மறுநாள் திறந்தபோது பெயர் இருந்தது, அளவு மீண்டும் பூச்சியம். நிறுவனத்துக்கு எழுதினேன். சொந்தப் பொருள்களில் உள்ள குறை வருங்காலப் பதிப்பு ஒன்றில் திருத்தப்படும், அதுவரை பட்டியலில் உள்ள மிக நெருங்கிய பொருளைத் தெரிவு செய்க என்று பதில் வந்தது. மிக நெருங்கிய பொருள் ப்ரவுன் சுகராம்.

வேறு சமயமென்றால் விட்டிருப்பேன். ஆனால் எங்கள் பகுதி வீட்டுப்பியர்க் கழகத்தின் போட்டிக்குப் பன்னிரண்டு நாட்களே இருந்தன. வெல்பவரின் பியரைப் பக்கத்துச் சிறிய ஆலை ஒன்று பெரிய அளவில் காய்ச்சி, தன் பப்பில் ஊற்றும். கறுத்த, இலேசாகப் புகை மணக்கும் என் பியர் அங்கே குழாயில் வர வேண்டும், மேலே பனங்கட்டி என்று எழுதியிருக்க வேண்டும் என்பது என் ஆசை. போத்தல்களோடு செயலியின் அச்சுத்தாளையும் கொடுக்க வேண்டும் என்பது விதி. ஆலை அந்தத் தாளைப் பார்த்துத்தான் பெருக்கிக் காய்ச்சும்.

என் பானைக்குக் குழாய் பூட்டித் தந்த பிளம்பர் அண்ணை அந்த வாரம் வந்திருந்தார். பன்னிரண்டு வருடம் ஜெர்மனியில் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்தவர்.

“ஜெர்மனியிலை பியரெண்டால் தண்ணி, பார்லி, ஹாப்ஸ். அவ்வளவுதான். பனங்கட்டி போட்டால் அது பியர் இல்லையடாப்பா, பானக்கம்.”

“அப்ப ஏன் அண்ணை மூண்டாவது கிளாஸ்?”

“பானக்கம் நல்லாயிருக்கு.”

மனைவி நேரே விஷயத்துக்கு வந்தார். “ப்ரவுன் சுகர் எண்டு பேப்பரிலை போட்டிட்டு விடுங்கோவன். குடிக்கிறவைக்குத் தெரியப்போகுதே?”

“வெண்டால் ஆலைக்காரன் ப்ரவுன் சுகரையெல்லோ கொட்டுவான்.”

“வெண்ட பிறகு சொல்லுங்கோ, பிழையா எழுதிப்போட்டன் எண்டு.”

“ஓம், திருத்தம் போடச் சொல்லுறா,” என்று அண்ணை சிரித்தார்.

இருபது வருடம் உள்பக்கத்து மூலையில் திருத்தம் போட்டவன் நான். அதை எவரும் வாசிப்பதில்லை என்பது எனக்குத் தெரியும். அன்று மாலையே பொருள்கள், அளவுகள், வெப்பநிலை, மிதவை காட்டிய இரண்டு எண்கள் எல்லாவற்றையும் வெள்ளைத் தாளில் கையால் எழுதினேன். நான்காவது வரியில் பனங்கட்டி என்று தமிழிலும் ஆங்கில எழுத்திலும் எழுதி, அது என்னவென்று ஒரு வாக்கியமும் சேர்த்தேன்.

போட்டி நாளன்று இரண்டு தாள்களையும் கொடுத்தேன். கழகத்தின் செயலாளர் ஓய்வுபெற்ற வெள்ளைக்கார ஆசிரியர், பண்பானவர். கையெழுத்துத் தாளை மரியாதையாகப் படித்தார். பிறகு அச்சுத்தாளில் விரலை வைத்தார்.

“இதில் 4.2 என்று இருக்கிறது. நீங்கள் பதிந்திருக்கும் பிரிவுக்கு ஐந்தரையாவது வேண்டுமே.”

“அந்த எண் பிழை. ஏன் பிழை என்று மற்றத் தாளில் இருக்கிறது.”

“நான் நம்புகிறேன். ஆனால் எல்லாரிடமும் அச்சுத்தாள்தான் வாங்கியிருக்கிறோம். இதோ மடிக்கணினி. ப்ரவுன் சுகர் என்று மாற்றுங்கள், இரண்டு நிமிட வேலை.”

“பனங்கட்டி ப்ரவுன் சுகர் இல்லை.”

“செயலிக்கு அது தெரியாதே.”

“எனக்குத் தெரியும்.”

அவர் பெருமூச்சு விட்டார். என் ஆறு போத்தல்களையும் நடுவர்கள் மேசைக்கு அனுப்பாமல் சுவரோரம் வைத்தார். வென்றது வெளிர்நிறப் பியர் ஒன்று. அரைக் கிளாஸ் குடித்துப் பார்த்தேன். நல்ல பியர்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை.

பரிசு கொடுத்து முடிந்ததும், என்னோடு வந்திருந்த அண்ணை சுவரோரம் போய் என் போத்தல்களைத் திறந்து, கேட்டவர் கேளாதவர் எல்லாருக்கும் ஊற்றத் தொடங்கினார். “ட்ரை, ட்ரை, ஜெர்மன் குவாலிட்டி!” என்று கூவியதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. நான்காவது போத்தல் திறந்தபோது ஆலையில் பியர் காய்ச்சும் பெண்மணி கிளாஸும் கையுமாக என்னிடம் வந்தார்.

“இந்தப் புகை மணம் எதிலிருந்து?”

கையெழுத்துத் தாளை நீட்டினேன். நின்றபடியே முழுவதையும் படித்தார்.

“அச்சுத்தாள் இல்லையா?”

“இருக்கிறது. அதை நம்பிக் காய்ச்சினால் வேறு பியர் வரும்.”

அவர் தாளை நான்காக மடித்து மேற்சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்.

மூன்று வாரங்கள் ஆகின்றன. அழைப்பு வரவில்லை. ப்ரவுன் சுகர் என்று போட்டிருந்தால் இந்நேரம் என் பியர் பப்பில் ஓடியிருக்கும் என்று அண்ணை இரண்டு தடவை சொல்லிவிட்டார். ஓடியிருக்கலாம். நான் மறுக்கவில்லை. செயலியைக் கணினியிலிருந்து நீக்கிவிட்டேன், இப்போது கணக்கைப் பென்சிலால் போடுகிறேன். அந்தப் பெண்மணி அழைத்தால் பனங்கட்டி எந்தக் கடையில் கிடைக்கும் என்று சொல்வேன். அச்சுத்தாள் கேட்டால் தர மாட்டேன்.