பயணத்தில் இருப்போர்

2024 டிசம்பர் 26, வியாழன். ஐந்தரைக்கு எழுந்தேன். பிளேன்டீ குடித்தேன், கதிரைகளைத் துடைத்தேன், முந்தைய நாள் நத்தார் பண்டிகையில் மிஞ்சிய கேக்கைச் சமமாக வெட்டி அலுமாரியில் வைத்தேன். ஒன்பது மணிக்குக் கோயிலில் சுனாமி நினைவுத் திருப்பலி.

ஃபாதர் வாசிக்கும் மன்றாட்டுப் பட்டியலை எங்கள் பங்குக் கோயிலில் நான்தான் தட்டச்சு செய்கிறேன். பிழை விடாத ஒரே ஆள் நான் என்று எல்லோரும் நம்புகிறார்கள், நானும்தான். சுனாமியன்று மட்டக்களப்பில் இருந்த என் அண்ணாவின் உடல் கிடைக்கவேயில்லை. பன்விலவிலிருந்து திருப்பலிக்கு வரும் அண்ணி ஆண்டுதோறும் அவர் பெயரைப் 'பயணத்தில் இருப்போர்' என்ற தலைப்பின் கீழ் எழுதித் தருவார். இருபது ஆண்டுப் பயணம்! கண்டி–மட்டக்களப்பு பஸ்கூட அவ்வளவு தாமதிக்காது. இம்முறை, உண்மையின் ஏகக் காவலனாகிய நான், யாரையும் கேட்காமல் அண்ணாவை 'இறந்தோர்' தலைப்புக்கு மாற்றிவிட்டேன்.

ஃபாதர் அந்தப் பெயரை வாசித்ததும் அண்ணி எழுந்து நின்றார்.

"அவரு செத்தத நீங்க பாத்தீங்களா சாமி?"

இழப்பை ஏற்றுக்கொள்வது பற்றி ஃபாதர் பயிற்சிப் பட்டறையே நடத்தியவர். தகுந்த பதில் வரும் என்று கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தேன்.

"இல்லையம்மா," என்றார் அவர். "என்ர தங்கச்சியும் அந்தக் கடலிலதான் போனவ. இன்னும் ஒரு பட்டியலிலயும் நான் அவவப் போடேல்ல."

"அப்ப தம்பிகிட்ட அவங்க பேரக் குடுங்க சாமி," என்று அண்ணி என்னைக் காட்டினார். "மாத்தி எழுதுறதுல கெட்டிக்காரரு."

ஃபாதர் தங்கச்சியின் பெயரைச் சொன்னார்.

மறுநாள் காலை, பிளேன்டீக்கும் முன்னால், 'பயணத்தில் இருப்போர்' என்பதன் கீழ் இரண்டு பெயர்களைத் தட்டச்சு செய்தேன்.