படம் எங்கே போகிறது?

பின்லாந்தின் ஔலு நகரத்தில், பேருந்து டிக்கெட் இயந்திரங்களுக்கு மென்பொருள் எழுதும் ஒரு குழு. அவர்கள் எழுதியதைச் சோதித்துப் பார்ப்பது ரையா ஹியெத்தலாவின் வேலை. எது எங்கே உடையும் என்று சந்தேகப்படுவதற்குத்தான் அவளுக்குச் சம்பளம். மனிதர்களைச் சந்தேகப்படும் பழக்கம் மட்டும் முந்தைய கம்பெனி கொடுத்தது. அங்கே மனம் விட்டுப் பேசலாம் என்று கூட்டம் போட்டார்கள். புது முறை தனக்கு இன்னும் பிடிபடவில்லை என்று அவளும் மனம் விட்டுச் சொன்னாள். ஆட்குறைப்பு வந்தபோது அதே வார்த்தைகளை அவளுக்குப் படித்துக் காட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள்.

இங்கே குழுவை நடத்த வந்த இல்மாரி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எல்லோரையும் கூட்டுவான். எது சரியாகப் போகவில்லை, அடுத்து எதை மாற்றிப் பார்க்கலாம் என்று கேட்டு மஞ்சள் தாள்களை நீட்டுவான். ‘எல்லாம் நன்றாகவே போகிறது’ என்று எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டு ரையா வாயை மூடிக்கொள்வாள். கூட்டம் முடிந்ததும் இல்மாரி அந்தச் சுவரைப் போனில் படம் எடுப்பான். அந்தப் படம் எங்கே போகிறது? அதுதான் அவளை அரித்தது.

ஒரு வியாழக்கிழமை கேன்டீனில், பட்டாணி சூப் ஆறிக்கொண்டிருக்க, இல்மாரி மேலாளர் பெந்த்தியிடம் போனைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தான். ரையா தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாள்.

அடுத்த கூட்டத்தில் வேண்டுமென்றே ஒரு பொய் எழுதினாள்: மதியத்துக்கு மேல் எனக்குக் கவனம் நிற்பதில்லை. பெந்த்தி அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டால் இல்மாரியின் குட்டு வெளிப்பட்டுவிடும். அவர் கேட்கவில்லை. புரோகிராமர்கள்தான் சோதிக்க வேண்டியதைச் சாயங்காலம் அவள் தலையில் கட்டாமல் காலையிலேயே தருவதென்று முடிவு செய்தார்கள். அவளுக்கு நிஜமாகவே பாரம் குறைந்தது. தன்னை இளக வைக்கத்தான் இவ்வளவும் என்று சந்தேகம் இன்னும் ஏறியது.

கடைசியில் காப்பி இயந்திரத்தருகே அவனை நிறுத்தி நேராகவே கேட்டாள்.

“அந்தப் படத்தையெல்லாம் பெந்த்திகிட்ட காட்டுறீங்களா?”

“ஒரு தடவை காட்டினேன். சோதிக்க இன்னொரு மெஷின் வேணும்னு புரியவைக்க. யார் எதை எழுதினாங்கன்னு கேட்டார். நான் சொல்லல.”

“நீங்க எதுக்குச் சொல்லணும்? கையெழுத்தே சொல்லிடுமே.”

இல்மாரி கோப்பையைக் கீழே வைத்தான்.

“அதை நான் யோசிக்கவே இல்ல. தப்புதான். இனிமே படம் எடுக்கல. தாளையெல்லாம் நீங்களே வச்சுக்குங்க.”

தப்புதான் என்று ஒரு தலைவன் சொல்லி அவள் கேட்டதில்லை. அதுவும் நடிப்போ என்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் யோசித்தாள். அடுத்த கூட்டம் முடிந்ததும் தாள்களைத் தானே உரித்துக் கிழித்துப் போட்டாள்.

அதற்கடுத்த கூட்டத்தில் தாளைத் தொடாமல் பேசினாள்.

“வாரா வாரம் நான் அனுப்புற சோதனை அறிக்கையை யாராவது படிக்கிறீங்களா?”

புரோகிராமர் ஓஸ்கரி, “நான் திறந்ததே இல்ல, ரையா,” என்றான். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். இரண்டு வாரம் நிறுத்திப் பார்க்கலாம் என்றான் இல்மாரி. யாரும் தேடவில்லை, அறிக்கை அத்தோடு நின்றது.

நாளடைவில் குழுவிலேயே அதிகம் குறை சொல்கிறவள் என்று ரையா பெயர் வாங்கினாள். அவள் சொன்னதில் பாதிக்கு மேல் மாறவும் மாறியது. ஆனால் எதையும் எழுதித் தரமாட்டாள், வாயால் மட்டும்தான். இல்மாரியும் வற்புறுத்தவில்லை.