மலைக்குப் போக நல்ல மாசம்

வேன் ஸ்டாண்டில் அவருக்கு வானிலை என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரை லைசென்ஸில்தான் பார்க்க முடியும். சுற்றுலா வேன் ஓட்டுகிற தொழில். கம்பெனிக்காரர்கள் விளம்பரத்தில் அவருடைய போன் நம்பரைப் போட்டுத் தொலைத்திருந்தார்கள். அதனால் காலையில் பல் துலக்கும்போதே ஆரம்பித்துவிடும்.

"சார், நாடு சுத்திப் பார்க்க எந்த மாசம் நல்லது?"

வாயில் நுரையோடு கேட்பார். "எங்கெங்க போகணும்?"

"எல்லா இடமும்."

இந்த 'எல்லா இடமும்' காதில் விழுந்தாலே அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். நாட்டில் ஒரு பக்கம் மணல்காடு, வெறுங்காலை வைத்தால் கொப்பளித்துவிடும். அதே வாரம் இன்னொரு பக்கம் மலையில் குழாய்த் தண்ணீர் உறைந்து நிற்கும். நடுவில் கடற்கரை, அங்கே பாதி வருஷம் குடையைத் திருப்பிப் போடுகிற காற்றும் மழையும். மலைக்கு நல்ல நாளாக இருந்தால் மணலில் மண்டை பிளக்கும். மணலுக்கு நல்ல நாளாக இருந்தால் மலையில் ரோடே இருக்காது. இதையெல்லாம் சொல்லி முடித்ததும், "அப்ப நடுவாந்தரமா ஒரு மாசம் சொல்லுங்களேன்" என்பார்கள்.

"நடுவாந்தரமா வந்தா எல்லா இடத்துலயும் அவஸ்தைப்படலாம், வாங்க" என்று ஒருமுறை சொல்லிவிட்டு முதலாளியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

இன்னொரு ஆள், கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவன், நாட்டின் சராசரி வெப்பம் என்ன என்று பார்த்துவிட்டு, "ஒரு முழுக்கைச் சட்டை போதும், நான் கணக்குப் போட்டுட்டேன்" என்றான். மணலில் அந்தச் சட்டையைப் பிழிந்து காயப்போட்டான். மலையில் அதன் மேல் வானிலையின் சட்டை, துண்டு, கடைசியில் வேனின் ஜன்னல் திரை என்று போர்த்திக்கொண்டு வந்தான். இறங்கும்போது, "முன்னாடியே சொல்லியிருக்கலாமே சார்" என்றான். இதுதான் பிழைப்பு. ஊருக்கு நாள் பார்த்துச் சொல்லவேண்டியது, அப்புறம் மேகம் வந்தாலும் வெயில் வந்தாலும் வசவு வாங்கவேண்டியது.

வீட்டுக்கு வந்தால் மனைவி. அந்த அம்மாள் ஆஸ்பத்திரிகளுக்கும் லாட்ஜுகளுக்கும் மெத்தை உறை, தலையணை உறை தைத்துக் கொடுக்கிறவர். ஜன்னல் ஓரம் மெஷின். பெண் பார்க்க வந்த அன்றைக்கே இந்த மனுஷன், "கல்யாணம் ஆகட்டும், பனிமலைக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்று பெரிய இவராட்டம் சொல்லிவிட்டுப் போயிருந்தார். சொன்னவர் மறந்திருப்பார். கேட்டவர் மறக்கவில்லை. மகன் வளர்ந்து வேலை கிடைத்து வேறு ஊருக்கே போய்விட்டான். மலை மட்டும் இருந்த இடத்திலேயே நின்றது.

"இந்த மாசம் போலாமா?"

"இப்ப சீசன். வண்டி ஒரு நாள் சும்மா நிக்காது."

"சரி, சீசன் முடிஞ்சதும்?"

"முடிஞ்சதும் மழை. பாறை உருளும். அட்டை கடிக்கும்."

"மழை விட்டதும்?"

"மூடுபனி. கையை நீட்டினா கை தெரியாது. காசைக் கொடுத்து வெள்ளைத்துணிய பார்த்துட்டு வர்றதா?"

"அதுக்கப்புறம்?"

"ரோட்டையே மூடிடுவான்."

"மூடினதைத் திறந்தா?"

"திறந்தா சீசன்."

அந்த அம்மாள் நூலைப் பல்லால் கடித்துத் துப்பினார். "ஊருக்கெல்லாம் மாசம் பொறுக்கித் தர்றீங்க. எனக்குன்னு ஒண்ணு கூட மிஞ்சல."

"நான் என்னமோ மழையைச் சட்டைப் பையில வச்சிருக்கற மாதிரி பேசற."

அவர் சொன்னதில் பொய் ஒன்றும் கிடையாது. எரிச்சலே அங்கேதான். ஒவ்வொரு மாதத்தையும் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் அதில் ஓர் ஓட்டை இருந்தது. ஓட்டை இல்லாத மாதத்தில் அவருக்கு வேலை இருந்தது. இதற்கு அவர் யார் சட்டையைப் போய்ப் பிடிப்பது?

இந்த வருஷம் சீசன் சூடு பிடித்த சமயம், ஆபீஸில் சீட்டுப் பதிகிற பெண் போன் செய்தாள். "அண்ணே, மலை டிரிப் ஃபுல். கடைசி சீட்டு ஒரு அம்மா, தனியா வர்றாங்க. ஜன்னல் ஓரம்தான் வேணும்னு ஒரே அடம்."

"தனியா வர்றவங்கதான் அடம் பிடிப்பாங்க. கூட யாராவது இருந்தா அவங்க தலையில கட்டலாம்" என்றார் வானிலை.

காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும்போது மனைவி மெஷினில் குனிந்திருந்தார். தலையை நிமிர்த்தவில்லை. இவரும் போய்ட்டு வரேன் என்று சுவரிடம் சொல்லிவிட்டு வந்தார். ஷெட்டில் வேனை எடுத்து, டீசல் போட்டு, ஆள் ஏற்றுகிற இடத்துக்கு வந்தால், முதலில் கண்ணில் பட்டது ஒரு நீலப் பை. ஜிப் பிய்ந்ததை அவரே உட்கார்ந்து சரிசெய்த பை. அதற்கு மேலே மகனுடைய பழைய ஸ்வெட்டரில் அந்த அம்மாள்.

"நீ எங்க இங்க?"

"சீட்டு போட்டிருக்கேன்."

"என் வண்டியிலயா?"

"நல்ல சீசன்னு போன்ல எல்லார்கிட்டயும் சொல்றீங்கல்ல, காதுல விழுந்துச்சு."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"சொன்னா அட்டை கடிக்கும்பீங்க."

பத்துப் பதினைந்து பேர் வேடிக்கை பார்க்கிறார்கள். என்ன பேசுவது? பைகளை மேலே ஏற்றி, தார்ப்பாய் போட்டு, கயிற்றை ஒரு கோபத்தோடு இழுத்துக் கட்டினார். ராத்திரி தங்கும் இடத்தில் அதை அவிழ்க்க அவருக்கே கத்தி தேவைப்பட்டது.

ஊரைத் தாண்டுவதற்குள் விஷயம் வேன் முழுக்கப் பரவிவிட்டது. பேக்கரி வைத்திருக்கும் ஒரு குண்டு மனுஷர் முன் சீட்டில் இருந்து திரும்பி, "ஏம்மா, டிரைவர் சம்சாரத்துக்கு டிஸ்கவுண்ட் உண்டா?" என்றார்.

"ஃபுல் டிக்கெட்தாங்க. டிரைவர் ரொம்பக் கறார்" என்றார் அந்த அம்மாள். வேனே சிரித்தது. வானிலை கண்ணாடியில் முறைத்தார். கண்ணாடியில் மூன்றாவது வரிசை ஜன்னல் தெரிந்தது. அவர் மனைவி வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

அப்புறம் நடந்ததெல்லாம் பெரிய கூத்து. சாப்பாட்டுக்கு நிறுத்தினால் பயணிகளுக்கு மேஜை, டிரைவர்களுக்குப் பின்னால் கொட்டகை. தங்குகிற இடத்தில் பயணிகளுக்கு அறை, டிரைவருக்கு வேன். சொந்தப் பெண்டாட்டியை ஓர் அறையில் முன்பின் தெரியாத அம்மாளோடு விட்டுவிட்டு, இவர் பின் சீட்டில் காலை மடக்கிப் படுத்தார். இத்தனை வருஷமாகப் படுக்கிற சீட்டுதான். அன்றைக்கு மட்டும் முதுகில் ஏதோ குத்தியது.

மலை ஏறத் தொடங்கியதும் மைக்கை எடுத்தார். இந்தப் பேச்சு அவருக்கு மனப்பாடம்.

"மேல போனதும் கண்ணு கூசும், கறுப்புக் கண்ணாடி போட்டுக்கங்க. இடது கைப்பக்கம் ரெண்டு சிகரம் ஒட்டினாப்பல நிக்கும். பெரியது அண்ணன், சின்னது தம்பி. கீழ பனி சர்க்கரை மாதிரி, மிதிச்சா நறநறங்கும். இதைப் பார்க்கறதுக்கு இதை விட்டா வேற மாசம் கிடையாது. நீங்க கொடுத்து வச்சவங்க."

எல்லோரும் கை தட்டினார்கள். மூன்றாவது வரிசையில் அந்த அம்மாள் கூடத் தட்டினார். அவர் மைக்கில் பேசி அந்த அம்மாள் கேட்பது அதுதான் முதல் தடவை.

அடிவாரத்தில் தடுப்புக் கம்பம். அதற்கு மேல் வெளி வண்டி போகக்கூடாது. அந்த ஊர் ஜீப்பில்தான் ஏறவேண்டும். வானிலை வேனை ஓரங்கட்டி, சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு, மடக்கு ஸ்டூலை எடுத்துப் போட்டார். மற்றவர்கள் ஜீப்பைப் பார்த்து நடந்தார்கள். மனைவி நடக்கவில்லை.

"நீங்க ஏறல?"

"டிரைவர் வண்டியை விட்டுப் போகக்கூடாது. மேல லக்கேஜ் கிடக்கு. போன வருஷம் ஒருத்தன் டீ குடிக்கப் போயிட்டு வந்தான், நாலு பெட்டியைக் காணோம். முதலாளி அன்னைக்கே சாவியை வாங்கிட்டாரு."

"எப்பவுமே இப்படித்தானா?"

"எப்பவுமேதான்."

"ஒரு தடவை கூட மேல போனதில்ல?"

வானிலை ஸ்டூலை இந்தப் பக்கம் நகர்த்தினார், அந்தப் பக்கம் நகர்த்தினார்.

"அப்ப அந்த அண்ணன், தம்பி?"

"பார்த்துட்டு வந்தவங்க சொன்னது."

"நறநறன்னு?"

"அதுவும்தான்."

"மூடுபனி, அட்டை, கையை நீட்டினா கை தெரியாது. இதெல்லாம்?"

அவர் முன் கண்ணாடியைத் துடைக்கப் போனார். அது சுத்தமாகத்தான் இருந்தது.

அந்த அம்மாள் சத்தம் போட்டிருந்தால் இவரும் பதிலுக்குப் போட்டிருப்பார், சமமாகியிருக்கும். அந்த அம்மாள் போடவில்லை. கையோடு வைத்திருந்த நீலப் பையைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப நான் மட்டும் போய் என்னத்தைப் பார்க்க" என்று அங்கேயே நின்றார்.

பயணிகளில் ஒரு பெரியவர், பேங்கில் பணம் எண்ணி ஓய்வு பெற்றவர். ஜீப்பின் உயரத்தைப் பார்த்துவிட்டு அவர் ஏற்கெனவே திரும்பியிருந்தார். "தம்பி, என் முட்டிக்கு அதுல ஏறமுடியாது. நான் உங்க ஸ்டூல்ல உக்காந்து வண்டியைப் பார்த்துக்கறேன். என் சீட்டுல நீங்க போங்க. ஒரு பெட்டி போனாலும் என்னைக் கேளுங்க" என்றார்.

முதலாளியின் முகம் வானிலையின் கண் முன்னால் வந்து போனது. மனைவி முகம் கண் முன்னாலேயே இருந்தது. சாவியைப் பெரியவர் கையில் கொடுத்தார். கொடுத்துவிட்டு இரண்டு தடவை திரும்பி வந்து கதவுகளை இழுத்துப் பார்த்தார்.

வாழ்நாளில் அடுத்தவன் ஓட்ட இவர் உட்கார்ந்து பழக்கமில்லை. ஜீப்காரன் திருப்பத்துக்குத் திருப்பம் கியர் மாற்றும்போது இவர் வலது கால் தரையை மிதித்தது. "செகண்டுல போய்யா" என்றார். "ஹாரன் அடி" என்றார். "இவ்வளவு ஒட்டியா போவாங்க?" என்றார்.

"அண்ணே, கொஞ்சம் வெளிய பாருங்கண்ணே" என்றான் ஜீப்காரன்.

"பேசாம வாங்க" என்றார் மனைவி.

பாதி மலையில் ஜீப் நின்றது. முன்னால் ஜீப். அதற்கு முன்னால் ஜீப். மேலே திருப்பத்துக்கு மேல் திருப்பமாக ஜீப்பின் முதுகுகள்தான் தெரிந்தன. புகை, ஹாரன், குழந்தைகள் அழுகை. ஒருவன் ஜீப் மேல் ஏறி நின்று போனில் படம் பிடித்தான். அவன் பிடித்ததும் ஜீப்பைத்தான். பேக்கரிக்காரர் கொண்டுவந்த பிஸ்கட்டெல்லாம் தீர்ந்தது. புதுசாகக் கல்யாணம் ஆன ஜோடி ஒன்று சண்டை போட்டு, சமாதானமாகி, மறுபடி சண்டைக்கு வந்துவிட்டது. ஜீப் மட்டும் அசையவில்லை.

கடைசியில் மேலேயிருந்து ஒரு போலீஸ்காரர் நடந்தே இறங்கி வந்தார். "மேல இடமில்ல. காத்து வேற கிளம்பிடுச்சு. எல்லாரும் வண்டியைத் திருப்புங்க."

வானிலை ஜீப்பிலிருந்து தலையை நீட்டினார். "என்னய்யா அநியாயம் இது? இவ்வளவு கூட்டத்தை விட்டா எப்படி? எவன்யா இதை நல்ல சீசன்னு சொன்னது?"

ஜீப்பில் எல்லோரும் அவரையே பார்த்தார்கள்.

"நீங்கதான் சார்" என்றார் பேக்கரிக்காரர், ரொம்ப மரியாதையாக.

ஜீப்காரன் வண்டியைத் திருப்ப முன்னும் பின்னும் இழுத்துக்கொண்டிருந்தான். அந்த அம்மாள் சட்டென்று இறங்கி ரோட்டோரம் போனார். அங்கே, ரோட்டை வழித்து ஒதுக்கிய பனி ஒரு குவியலாகக் கிடந்தது. கரும்புகை படிந்து, பேப்பர் கப்பும் பழத்தோலுமாக, சிமெண்ட் மூட்டை உடைந்து கொட்டின மாதிரி இருந்தது. அந்த அம்மாள் குனிந்து அதில் கையை வைத்தார்.

வானிலை பின்னாலேயே ஓடினார். "ஏய், அதைத் தொடாத, அழுக்கு. அது பனியே இல்ல."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அந்த அம்மாள் மேலே இருந்த கறுப்பைக் கையால் ஒதுக்கினார். கொஞ்சம் ஆழத்தில் வெள்ளையாக இருந்தது. அதைக் கிள்ளி எடுத்துக் கணவர் உள்ளங்கையில் வைத்தார். வானிலை ஐயோ என்று கையை உதறினார்.

"இப்படியா சுடும்?"

"சுடலைங்க. குளுருது."

ஜீப்காரன் ஹாரன் அடித்தான். ஊரிலுள்ள பயணிகளையெல்லாம் ஹாரன் அடித்தே வேனுக்குள் விரட்டின மனுஷன் திரும்பிப் பார்த்து, "இருய்யா, வரோம்" என்று கத்தினார். கத்திவிட்டு இன்னொரு கிள்ளு எடுத்தார்.

இறங்கும்போது வானிலை கியரையும் ஹாரனையும் ஜீப்காரனிடமே விட்டுவிட்டார். கை மட்டும் ஈரமாக மடியில் கிடந்தது. அடிவாரம் நெருங்கும்போது ஜீப்காரனிடம் கேட்டார். "இந்த ரோடு எப்பய்யா காலியா இருக்கும்?"

"மழை நின்ன கையோட வந்தீங்கன்னா ஒரு ஈ காக்கா இருக்காதுண்ணே. வண்டி நேரா உச்சிக்கே போகும். ஆனா மூடுபனி. போனா ஒண்ணும் தெரியாது."

பின்னால் இருந்து மனைவி கணவரிடம் கேட்டார். "அப்ப உங்களுக்கு வேலை இருக்குமா?"

"அப்ப எவன் வருவான் வேன்ல? ஷெட்லதான் நிக்கும்."

"சரி, அப்பவே வருவோம்."

"ஒண்ணும் தெரியாதுங்கறான்."

"இன்னைக்கு மட்டும் என்ன தெரிஞ்சுது?"

வானிலை என்ன சொல்லப்போகிறார் என்று பேக்கரிக்காரர் காதைக் கொடுத்துக் காத்திருந்தார்.

"ரெண்டு ஸ்வெட்டர் வேணும். அந்தக் குளிருக்கு இந்த ஒண்ணு போதாது" என்றார் வானிலை.

"அதுவும் பார்த்தவங்க சொன்னதா?" என்றார் அந்த அம்மாள்.